தடுப்பூசி போட்ட அன்று கோழி எப்படி இருந்தது?

போன வருஷம் சித்திரை கடைசியில், கத்திரி வெயில் ஆரம்பித்த வாரம், எட்டு வாரக் குஞ்சுகள் முப்பத்தாறு வாங்கி வந்தேன். நல்ல நாட்டுக்கோழி இனம், கால்கள் உறுதியாக, கண்கள் பளிச்சென்று இருந்தன. இரண்டு மூங்கில் கூடைகளில் அடைத்து, சின்ன வேனின் பின்னால் வைத்து, மூன்று மணி நேரம் மத்தியான வெயிலில் பயணம். வீட்டுக்கு வந்து இறக்கியபோது எல்லாம் வாயைத் திறந்து இளைத்துக்கொண்டிருந்தன. எப்படியும் கையில் பிடித்திருக்கிறோம், வேலையை இன்றே முடித்துவிடலாம் என்று அன்று சாயங்காலமே ஒவ்வொன்றாகப் பிடித்து வெள்ளைக்கழிச்சலுக்கான ஆர்2பி தடுப்பூசியைப் போட்டேன். ஐஸ் பெட்டி சரியாக இருந்தது, மருந்தைக் கலக்கி நேரத்துக்குள் போட்டேன், ஊசி புதிது. எல்லாம் சரியாகச் செய்ததாகத்தான் நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து முதல் குஞ்சு கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். பத்து நாளில் இருபத்தைந்து போய்விட்டன.

தடுப்பூசி போட்டும் ஏன் வந்தது என்ற கேள்வியோடுதான் செத்த குஞ்சு ஒன்றை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் போனேன். அவர் அதைக் கிழித்துக் காட்டினார். இரைப்பையில் ரத்தப் புள்ளிகள், அது எதிர்பார்த்ததுதான். அப்புறம் எச்சத்துளைக்குச் சற்று மேலே, குடல் முடிகிற இடத்தில் முதுகுப் பக்கமாக விரலை விட்டு, ஒரு சின்ன உருண்டையை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்தார். பட்டாணி அளவுதான் இருக்கும். "இது பர்சா. இந்த வயசுக் குஞ்சுக்கு ஒரு சின்ன நெல்லிக்காய் அளவாவது இருக்கணும்" என்றார். கத்தியால் பிளந்தபோது உள்ளே மடித்துவைத்த துணி மாதிரி மெல்லிய மடிப்புகள், அவையும் வெளிறிப்போய்ச் சப்பையாக இருந்தன. வண்டியில் எத்தனை மணி நேரம் வந்தது, என்றைக்கு ஊசி போட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஊசி நல்லாத்தான் இருந்திருக்கும். வாங்கிக்கிற நிலைமையில கோழி இருந்துதாங்கிறதுதான் கேள்வி" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் என்னை விடவே இல்லை. அதற்கப்புறம் ஒரு வருஷமாக இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். கோழி வளர்ப்பவர்கள் நோய் எதிர்ப்புச் சக்தி என்று சொல்லும்போது அதைச் சட்டியில் இருக்கிற தண்ணீர் மாதிரி நினைக்கிறோம்: கூடும், குறையும், டானிக் ஊற்றினால் ஏறும். உள்ளே நடப்பது வேறு. எந்த வெள்ளை அணு எங்கே போக வேண்டும், எது பெருக வேண்டும், எது சாக வேண்டும் என்பதில் ஹார்மோன்களுக்குப் பெரிய கை இருக்கிறது. ஒரே ஹார்மோன் ஒரு மணி நேரம் இருந்தால் ஒரு விளைவு, ஒரு வாரம் இருந்தால் முற்றிலும் வேறு விளைவு.

முதலில் அந்தப் பட்டாணி உருண்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் கதை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

இத்தாலியின் பதுவா நகரத்தில் உடற்கூறு கற்பித்த ஃபாப்ரீசியஸ் என்பவர் இந்த உறுப்பை விவரித்து எழுதினார். அவர் இறந்த பிறகு 1621இல்தான் அந்தப் புத்தகம் வந்தது. அவர் பெயரால் இதற்கு ஃபாப்ரீசியஸ் பர்சா என்றே பெயர். பர்சா என்றால் பை. அதற்குப் பிறகு முந்நூறு வருஷத்துக்கும் மேல் இந்தப் பை எதற்கு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 1950களில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர் இதைக் குஞ்சுகளிலிருந்து அறுத்தெடுத்துப் பார்த்தார். குஞ்சுகள் நன்றாகவே வளர்ந்தன, ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அப்போது திமோதி சாங் என்ற இன்னொரு மாணவர், வகுப்பில் ஆன்டிபாடி, அதாவது கிருமியைப் பிடிக்க உடம்பு தயாரிக்கும் புரதம், உருவாவதைச் செய்து காட்டக் கோழி வேண்டும் என்று கேட்க, கிளிக் தன்னிடமிருந்த அந்தக் கோழிகளைக் கொடுத்தார். சால்மொனெல்லா கிருமியைச் செலுத்தினால் ரத்தத்தில் ஆன்டிபாடி வர வேண்டும். பர்சா எடுத்த கோழிகளில் சில செத்தன, பிழைத்தவற்றில் ஆன்டிபாடி வரவே இல்லை. வகுப்புப் பாடம் கெட்டுப்போனது, ஆனால் முந்நூறு வருஷக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது! பெரிய பத்திரிகை ஒன்று கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட, 1956இல் கோழி ஆராய்ச்சிக்கான பத்திரிகை ஒன்றில் அது வெளிவந்தது. 1965இல் மேக்ஸ் கூப்பரும் அவருடைய சகாக்களும் கோழிகளை வைத்தே, கழுத்திலிருக்கும் தைமஸ் சுரப்பியில் பழகும் வெள்ளை அணுக்கள் வேறு, பர்சாவில் பழகும் வெள்ளை அணுக்கள் வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். இன்று மனிதருக்கான மருத்துவமனையில் பி செல், டி செல் என்கிறார்களே, அந்த 'பி' பர்சாவின் முதல் எழுத்து. நமக்குப் பர்சாவே கிடையாது, நம் பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன, ஆனாலும் பெயர் கோழியிடமிருந்து வந்தது.

இந்தப் பர்சா ஹார்மோனுக்கு எவ்வளவு கட்டுப்பட்டது என்பதற்கு அதன் வாழ்நாளே சாட்சி. முட்டைக்குள் கரு வளரும்போதே உருவாகி, பொரித்த பிறகு வேகமாகப் பெருத்து, இரண்டு மூன்று மாதத்தில் உச்சத்துக்கு வந்து, கோழி பருவத்துக்கு வர வரச் சுருங்கத் தொடங்குகிறது. முட்டைக்கு வந்த பெட்டையிலோ கூவித் திரிகிற சேவலிலோ தேடினால் ஒரு சுருங்கிய மிச்சம்தான் கிடைக்கும். சுருக்குவது பெரும்பாலும் பாலின ஹார்மோன்கள். அதற்குள் பர்சா தன் வேலையை முடித்துவிட்டிருக்கும்: அது பழக்கி அனுப்பிய பி செல்கள் மண்ணீரல், குடல், கண்ணுக்குப் பின்னாலிருக்கும் ஹார்டர் சுரப்பி என்று பல இடங்களில் குடியேறியிருக்கும். 1950களின் கடைசியில் விஸ்கான்சின் ஆய்வாளர்கள் அடைகாக்கும் முட்டைக்குள்ளேயே ஆண் ஹார்மோன் வகைப் பொருளைச் செலுத்திப் பார்த்தார்கள். அந்தக் குஞ்சுகளில் பர்சா வளரவே இல்லை. கத்தியே படாமல் ஒரு உறுப்பு இல்லாமல் போனது. அப்புறம் பல வருஷம் பி செல் இல்லாத கோழி வேண்டும் என்றால் ஆய்வாளர்கள் இந்த வழியைத்தான் பிடித்தார்கள்.

ஹார்மோன் என்ற ஒன்று இருக்கிறது என்பதற்கான முதல் நல்ல சோதனையும் சேவலில்தான் நடந்தது. 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் பெர்ட்ஹோல்ட் என்ற ஆய்வாளர் ஆறு இளஞ்சேவல்களின் விதைகளை எடுத்தார். சிலவற்றுக்கு அப்படியே விட்டார், சிலவற்றுக்கு ஒரு விதையை மட்டும் வயிற்றுக்குள் வேறு இடத்தில் வைத்துத் தைத்தார். நரம்புத் தொடர்பு அறுந்துபோயும் அந்தச் சேவல்களுக்குக் கொண்டை சிவந்தது, கூவின, சண்டை போட்டன. மற்றவை கொண்டை வெளிறி அமைதியாகிவிட்டன. ரத்தம் வழியாக ஏதோ போகிறது என்று அவர் முடிவு செய்தார். ஆக ஹார்மோனைப் பற்றியும் பி செல்லைப் பற்றியும் மனிதன் தெரிந்துகொண்டதில் பாதி நம் முற்றத்தில் கிளறிக்கொண்டிருக்கும் இந்தப் பறவையிடமிருந்து வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அதன் மேல் மரியாதை கூடுகிறது.

சரி, என் கூடைக்கு வருகிறேன்.

ஒரு கோழியைத் துரத்திப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால் அதன் மூளையிலிருந்து சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அட்ரீனல் சுரப்பிக்குச் செய்தி போகிறது, அங்கிருந்து கார்டிகோஸ்டீரோன் ரத்தத்தில் கலக்கிறது. மனிதருக்குக் கார்டிசால் எப்படியோ பறவைக்கு அது. பறவையைப் பிடித்து மூன்று நிமிடத்துக்குள் ரத்தம் எடுத்தால்தான் அமைதியாக இருந்தபோதான அளவு தெரியும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு, அதற்குப் பிறகு அளவு ஏறிவிடுகிறது. மூன்று நிமிடம்! என் குஞ்சுகள் கூடைக்குள் இருந்தது மூன்று மணி நேரம், அதுவும் வியர்வைச் சுரப்பியே இல்லாத பறவை, உடம்புச் சூடு சாதாரணமாகவே 41, 42 டிகிரி இருக்கும், இளைத்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும்.

இந்தக் கார்டிகோஸ்டீரோன் கொழுப்புச் சத்து வகையைச் சேர்ந்தது என்பதால் அணுக்களின் சுவரைத் தாண்டி உள்ளே போய்விடும். வெள்ளை அணுவுக்குள் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதம் ஒன்று காத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து அணுவின் மையக்கருவுக்குள் போய், சில மரபணுக்களை முடுக்கிவிட்டுச் சிலவற்றை அடக்குகின்றன. அடங்குபவற்றில் முக்கியமானவை, டி செல்கள் பெருகச் சொல்லி ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சமிக்ஞைகள். ஹெட்டெரோஃபில் என்று ஒரு வகை வெள்ளை அணு, கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடுவது, எலும்பு மஜ்ஜையிலிருந்து கூட்டமாக ரத்தத்துக்கு வருகிறது. லிம்போசைட்டுகள், அதாவது பி, டி செல்கள், ரத்தத்தை விட்டு விலகித் திசுக்களுக்குள் போகின்றன. பயந்த முதல் சில மணி நேரத்துக்கு இது நல்ல ஏற்பாடு. நாயோ கீரியோ கடித்துத் தப்பி வந்த கோழிக்கு முதலில் தேவைப்படுவது காயத்துக்கு ஓடும் அணுக்கள்தான், ஒன்றிரண்டு வாரம் கழித்து வரப்போகும் ஆன்டிபாடி கிடையாது.

பயம் தீராமல் நாள்கணக்கில் இழுத்தால்தான் விஷயம் திரும்புகிறது. தைமஸிலும் பர்சாவிலும் இளம் லிம்போசைட்டுகள் தாமாகவே மடியத் தொடங்குகின்றன. பர்சாவில் எப்போதுமே சாவு அதிகம், பிறக்கும் பி செல்களில் மிகச் சிறு பங்குதான் வெளியே போகும், மற்றவை அங்கேயே கழித்துக்கட்டப்படும். அந்தத் தராசு ஏற்கெனவே சாவின் பக்கம் சாய்ந்திருக்க, கார்டிகோஸ்டீரோன் இன்னும் அழுத்துகிறது. பர்சா சுருங்குகிறது. அந்த நேரத்தில் தடுப்பூசியில் போகும் வைரஸை அடையாளம் கண்டு பெருக வேண்டிய அணுக்கள் குறைவு, இருப்பவையும் மந்தம்.

என் குஞ்சின் பர்சா இதனால்தான் சுருங்கியது என்று அடித்துச் சொல்ல முடியாது என்று மருத்துவரே சொன்னார். கம்போரோ நோய் வந்திருந்தாலும் அந்த வைரஸ் நேராகப் பர்சாவின் பி செல்களைத்தான் தின்னும். வெள்ளைக்கழிச்சலில் நாலு நாள் கஷ்டப்பட்ட குஞ்சின் உடம்பிலும் கார்டிகோஸ்டீரோன் எகிறித்தான் இருக்கும். செத்த குஞ்சைப் பார்த்து எது முன்னால் எது பின்னால் என்று பிரிப்பது கஷ்டம். அதனால் அவர், அடுத்த தடவை வாங்கும்போது உயிரோடு இருக்கும்போதே பார்த்துவிடலாம், ரத்தம் எடுத்து ஸ்லைடு போடலாம் என்றார்.

ஐப்பசியில் மறுபடி இருபது குஞ்சு வாங்கினேன். வந்திறங்கிய சாயங்காலம் ஒன்றின் இறக்கைக்கு அடியில், முழங்கை மடிப்பில் நீலமாக ஓடும் நரம்பிலிருந்து ஒரு சொட்டு. அதைக் கண்ணாடித் துண்டில் வைத்து இன்னொரு கண்ணாடியின் விளிம்பால் ஒரே இழுப்பாக இழுத்து, காயவைத்து, லீஷ்மன் சாயம் ஊற்றி, கழுவி, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். முதலில் கண்ணுக்குப் பட்டது சிவப்பணுக்கள், நம்முடையது போல வட்டமாக நடுவில் வெளிறி இல்லாமல், முட்டை வடிவத்தில், ஒவ்வொன்றுக்கும் நடுவில் கருநீல மையக்கருவோடு. பறவையின் சிவப்பணுவுக்கு மையக்கரு உண்டு, அதனால்தான் மனித ரத்தத்தை எண்ணும் மெஷினில் இதைக் கொடுத்தால் குழம்பிவிடும், ஆள் உட்கார்ந்து கண்ணால்தான் எண்ண வேண்டும். அவற்றுக்கு நடுவே அங்கங்கே ஹெட்டெரோஃபில், செங்கல் நிறத்தில் சின்னச் சின்னக் குச்சிகளை வாரி நிரப்பியது போல இருந்தது. லிம்போசைட் உருண்டையாக, கிட்டத்தட்ட முழுக்க ஊதா மையக்கரு, ஓரத்தில் மட்டும் மெல்லிய நீல வளையம். உறைதலுக்கு உதவும் த்ராம்போசைட்டும் பார்க்க லிம்போசைட் மாதிரியே இருக்கும், அதில் ஏமாறக் கூடாது என்று இரண்டு தடவை எச்சரித்தார்.

நூறு வெள்ளை அணு எண்ணினோம். அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் கோடு போட்டேன். ஹெட்டெரோஃபில் 42, லிம்போசைட் 50, மற்றவை 8. அதாவது விகிதம் 0.84. அமெரிக்காவின் கிராஸ், சீகல் என்ற இரண்டு கோழி விஞ்ஞானிகள் 1983இல் இந்த விகிதத்தைக் கோழியின் நெருக்கடிக்கான அளவுகோலாக முன்வைத்தார்கள். பிறகு தோராயமாக 0.2 என்றால் குறைவு, 0.5 நடுத்தரம், 0.8 என்றால் அதிகம் என்று வகுத்தார்கள். ஒரு வாரம் நிழலில், கூட்டம் இல்லாமல், நல்ல தண்ணீரோடு விட்டுவிட்டு அதே குஞ்சுக்குத் திரும்ப எடுத்தபோது 0.4க்கு வந்திருந்தது. ஒரு குஞ்சை வைத்து ஊருக்குச் சொல்ல முடியாதுதான், ஆனால் என் கண்ணால் பார்த்தேன். கார்டிகோஸ்டீரோன் நிமிடங்களில் ஏறி இறங்கும். இந்த விகிதம் மெதுவாக மாறி, நேற்றைக்கு நடந்ததையும் கொஞ்சம் நினைவு வைத்திருக்கும், அதனால்தான் பண்ணைக்கு இது உதவுகிறது. ரொம்பக் கடுமையான நெருக்கடியில் ஹெட்டெரோஃபில்லே குறைந்துபோய் விகிதம் ஏமாற்றுவதும் உண்டு, அதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் படித்தால் கார்டிகோஸ்டீரோன் ஒரு வில்லன் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஓபீஸ் ஸ்ட்ரெயின் என்ற கோழி இனத்தைப் பற்றிப் படித்தபோது அந்த எண்ணம் மாறியது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராண்டல் கோல் என்பவர் வெள்ளை லெகார்ன் கோழிகளிலிருந்து பிரித்தெடுத்த இனம் அது. பொரித்துச் சில வாரங்களிலேயே அதன் வெள்ளை அணுக்கள் அதன் சொந்தத் தைராய்டு சுரப்பியையே தாக்கி அழித்துவிடும். தைராய்டு போனதால் உடம்பு கொழுத்து, இறகு நீண்டு பட்டுப் போல ஆகி, குளிர் தாங்காமல் கிடக்கும். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் ஜார்ஜ் விக் என்பவரின் குழு தோண்டிப் பார்த்ததில், அந்தக் கோழிகளில் கார்டிகோஸ்டீரோனைக் கட்டிவைத்துக்கொள்ளும் புரதம் ரத்தத்தில் அதிகம் என்று தெரிந்தது. ஹார்மோன் இருக்கிறது, ஆனால் வேலைக்கு வரும் பங்கு குறைவு. சாதாரணக் கோழியில் வெள்ளை அணுக்கள் கிருமியோடு சண்டையிடும்போது அவை வெளியிடும் சமிக்ஞை மூளைக்குப் போய், மூளை அட்ரீனலை எழுப்பி, கார்டிகோஸ்டீரோன் வந்து சண்டையை ஒரு அளவில் நிறுத்தும். அந்தச் சுற்று இந்த இனத்தில் பலவீனம். பிரேக் பிடிக்காத அணுக்கள் சொந்த உடம்பிலேயே இறங்கிவிடுகின்றன. வெளியிலிருந்து அந்த ஹார்மோனைக் கொடுத்தால் தைராய்டு தப்பித்தது. ஆக, சீக்குக் கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும்போது அதன் ரத்தத்தில் கார்டிகோஸ்டீரோன் ஏறியிருப்பது தப்பே இல்லை. நோய் இல்லாத கோழிக்கு நாம் வெயிலாலும் நெரிசலாலும் தினமும் அதை ஏற்றிவிடுவதுதான் தப்பு.

இன்னொரு செய்தியும் என்னை அசரவைத்தது. கனடாவின் வான்கூவரில் கிரண் சோமாவின் ஆய்வகத்தில் வரிக்குருவி எனப்படும் ஜீப்ரா ஃபின்ச் குஞ்சுகளின் பர்சாவையும் தைமஸையும் எடுத்து அளந்தபோது, ரத்தத்தில் அவ்வளவாக இல்லாத கார்டிசால் அந்த உறுப்புகளுக்குள் அதிகமாக இருந்தது. 2008இல் வந்த ஆய்வு அது. நாம் பறவையில் கார்டிகோஸ்டீரோன்தான் என்று சொல்லிக்கொண்டிருக்க, நோய் எதிர்ப்பு உறுப்புகள் தங்களுக்குள்ளேயே வேறொரு ஹார்மோனைத் தயாரித்துத் தங்கள் அணுக்களைத் தாமே வடிகட்டிக்கொள்வது போலத் தெரிகிறது. ஊர் முழுக்க ஒலிபெருக்கி வைக்காமல் வீட்டுக்குள்ளேயே காதோடு பேசிக்கொள்வது போல.

சேவல் வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்வி வேறு: கொண்டை சிவந்த முரட்டுச் சேவலுக்கு நோய் வராதா? கொண்டையும் தாடியும் டெஸ்டோஸ்டீரோனால் வளர்கின்றன. 1982இல் ஹாமில்ட்டன், மார்லின் சுக் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பளபளப்பான ஆண் பறவையின் அழகு அது ஒட்டுண்ணிகளைத் தாங்கி நிற்கிறது என்பதற்கான அடையாளம் என்றார்கள். 1992இல் ஃபோல்ஸ்டாடும் கார்ட்டரும் அதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள்: டெஸ்டோஸ்டீரோன் அழகையும் கொடுக்கும், நோய் எதிர்ப்பையும் அடக்கும், ஆகவே நிஜமாகவே திடமான ஆண்தான் இரண்டையும் தாங்க முடியும். கேட்க அழகான கருத்து. ஆனால் பறவைகளுக்கு டெஸ்டோஸ்டீரோன் கொடுத்துச் செய்த சோதனைகள் ஒரே மாதிரி வரவில்லை, சிலவற்றில் ஆன்டிபாடி குறைந்தது, சிலவற்றில் ஒன்றுமே ஆகவில்லை. சிட்டுக்குருவிகளில் 2000இல் செய்த ஒரு ஆய்வுதான் எனக்கு நியாயமாகப் பட்டது: டெஸ்டோஸ்டீரோன் கொடுத்தால் கார்டிகோஸ்டீரோனும் ஏறுகிறது, அடக்குவதில் அதற்கு ஒரு பங்கு இருக்கிறது. நம் சேவல்களைப் பார்த்தாலே புரியும். முரட்டுச் சேவல் நாள் முழுக்கச் சண்டை, துரத்தல், பாதித் தீனிதான் தின்னும். அந்த வாழ்க்கைக்கு உடம்பு கொடுக்கும் விலையை ஒரு ஹார்மோன் தலையில் மட்டும் கட்ட முடியாது.

தாய்க்கோழி முட்டையின் மஞ்சள் கருவில் தன் ஆன்டிபாடிகளை வைத்து அனுப்புகிறது என்பது பலருக்கும் தெரியும், பொரித்த முதல் இரண்டு மூன்று வாரம் குஞ்சைக் காப்பது அதுதான். அதே மஞ்சள் கருவில் ஹார்மோனும் போகிறது. கேனரிப் பறவைகள் கடைசியில் இடும் முட்டைகளில் டெஸ்டோஸ்டீரோன் அதிகம் என்று ஷ்வாபெல் என்ற ஆய்வாளர் 1993இல் காட்டினார். கருந்தலைக் கடற்காகத்தின் முட்டைகளில் ஆண் ஹார்மோனைக் கூட்டியபோது குஞ்சு வேகமாக வளர்ந்தது, ஆனால் நோய் எதிர்ப்பு வினை குறைந்தது. தாய்ப்பறவை கடைசியாகப் பொரித்து வரும் குஞ்சுக்கு அண்ணன் அக்காக்களோடு வாய் திறந்து போட்டியிடத் தெம்பு கொடுத்து, அதற்கு ஈடாக வேறொன்றை வாங்கிக்கொள்கிறது. இருட்டில் சுரக்கும் மெலடோனினுக்கும் இதில் பங்கு உண்டு, இரவு முழுக்க விளக்கு எரியும் கொட்டகையில் லிம்போசைட்டுகளின் சுறுசுறுப்பு குறைவதைக் காடைகளிலும் கோழிகளிலும் பார்த்திருக்கிறார்கள். அதைப் படித்த அன்றே என் கொட்டகை விளக்கை அணைத்துவிட்டேன்.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான். குஞ்சு வாங்கினால் விடியற்காலையில் வண்டி ஏற்றுகிறேன், கூடைக்குப் பத்துக்கு மேல் அடைப்பதில்லை. வந்த அன்று தொடுவதே இல்லை. ஏழு, எட்டு நாள் கழித்து, அவை தீனியை அடித்துக்கொண்டு தின்பதைப் பார்த்த பிறகு, சாயங்காலம் சூடு தணிந்ததும் மங்கின வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எடுத்து ஊசி. அன்றைக்கே அலகு நுனியை வெட்டுவது, குடற்புழு மருந்து, இடம் மாற்றுவது எதையும் சேர்த்துக்கொள்வதில்லை. ஆர்2பி கொஞ்சம் கடுமையான மருந்து, அதற்கே குஞ்சு ஒன்றிரண்டு நாள் சோர்ந்து நிற்கும், அதற்கு மேல் இன்னொரு பாரத்தை ஏற்ற எனக்கு மனம் வருவதில்லை. வெயில் நாளில் தண்ணீரில் வைட்டமின் சி கலக்கிறேன், சூட்டில் கார்டிகோஸ்டீரோன் ஏறுவதை அது கொஞ்சம் தணிக்கிறது.

என் அத்தை சந்தையிலிருந்து கோழி வாங்கி வந்தால் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டு, திண்ணையின் இருட்டு மூலையில் இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுவாள். பிள்ளைகள் நாங்கள் எட்டிப் பார்க்கப் போனால் விரட்டுவாள். "அதுக்கு மூச்சு வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்பாள். ஐப்பசிக் குஞ்சுகளை இறக்கிய அன்று அந்தப் பஞ்சாரத்தைத்தான் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டினேன். இருபதும் அதற்குள் கொள்ளாது, பக்கத்து வீட்டில் இன்னொன்று வாங்கிக்கொண்டேன்.

இருபதில் பத்தொன்பது இருக்கின்றன. ஒன்றைக் கீரி கொண்டுபோனது.